சுட்ட கைக்கே பெயர்

ஜமைக்காவில் 'பாட்டி' என்றொரு பண்டம். நம்ம பாட்டி இல்லை. பிறை வடிவத்தில் சுட்டெடுக்கிற கறிப் பலகாரம். மைதாவில் கொழுப்பும் மஞ்சளும் சேர்த்துப் பிசைந்து, கொத்தின மாட்டுக்கறியை மிளகாய், மசால்பொடி, தைம் இலையோடு வதக்கி உள்ளே வைத்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்திச் சுடுகிறார்கள்.

மேலோடு, காலனி ஆண்ட இங்கிலாந்துக்காரனின் கார்ன்வால் வழக்கம். மசாலா, 1845 முதல் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேற்றப்பட்ட இந்திய ஒப்பந்தக் கூலிகளுடையது. காரம், 1838இல் முழு விடுதலை பெற்ற ஆப்பிரிக்க அடிமைகளின் கைப்பக்குவம். இதைத்தான் 'பண்பாடுகளின் இனிய சங்கமம்'னு எழுதுறாங்க. சங்கமமாம்! ஒருத்தன் சவுக்கோட வந்தான், ஒருத்தன் கைநாட்டு வச்சுட்டு வந்தான், ஒருத்தன் சங்கிலியில வந்தான். மூணும் ஒண்ணா?

1985இல் கனடாவின் டொரண்டோவில் இதை விற்ற ஜமைக்கர்களிடம் அரசு ஆய்வாளர்கள் வந்தார்கள். சட்டப்படி 'பீஃப் பாட்டி' என்றால் மேலோடு இல்லாத வெறும் கறிவடைதான்; பேரை மாத்து, இல்லேன்னா அபராதம் என்றார்கள். கடைக்காரர்கள் பணியவில்லை. 'ஜமைக்கன் பாட்டி' என்று விற்கலாம் என்ற சமரசத்தில் வந்து நின்றது.

வங்கியில் படிவங்களோடு மாரடிக்கிற எனக்கு இது விளங்குகிறது. கட்டத்துக்குள் அடங்காத பெயரை அடித்துத் திருத்தச் சொல்வதுதான் அதிகாரத்தின் முதல் வேலை. ருசி வேணும், அதைச் சுட்டவன் வச்ச பேரு மட்டும் வேணாம்.

தோழர்களே, மாட்டுக்கறியை மாட்டுக்கறின்னே சொல்லுவோம். 'சங்கமம்' என்று எவனாவது எழுதினால், யார் கூலி, யார் முதலாளி என்று அவனிடமே கேளுங்கள்.