திரும்பும் வழியை எழுதுங்கள்

இந்த வாரம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நண்பர் வேலை பார்க்கும் இடத்தில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை 13-லிருந்து 18-க்கு மாற்றப்போகிறார்கள். 13-க்கான ஆதரவு 2025 நவம்பரோடு நின்றுவிட்டது; மாற்றியே ஆக வேண்டும். அதற்கென்று எழுதிய குறிப்பைக் காட்டினார். டம்ப் எடுத்துப் புதியதில் ஏற்றுவது, பிஜி_அப்கிரேடு, லாஜிக்கல் ரெப்ளிகேஷன் என்று மூன்று வழிகள். எதற்கு எவ்வளவு நேரம் என்று அட்டவணையும் உண்டு. கோளாறானால் பழையதற்கு எப்படித் திரும்புவது? ஒரு வரிகூட இல்லை.

18-இல் என்ன புதிது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். பழைய டேட்டாபேஸின் புள்ளிவிவரங்களில் பெரும்பகுதியை அப்கிரேடு இப்போது கூடவே கொண்டுவருகிறது. முன்பெல்லாம் அனலைஸ் ஓடி முடியும்வரை க்வெரிகள் திணறும். நல்ல சேதிதான், அது கிடக்கட்டும்.

கையேடுகள் மேல் எனக்குள்ள மனக்குறை பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஆனால் பிஜி_அப்கிரேடு கையேட்டின் கடைசிப் படியை நான் ஆசையாகப் படிப்பேன். பழையதற்குத் திரும்புவதைச் சொல்லும் பகுதி அது. செக் மட்டும் ஓட்டினீர்களா? பழையதில் எதுவும் மாறவில்லை. ஃபைல்களை நகலெடுத்தீர்களா? பழைய சர்வரை மறுபடி கிளப்பலாம். லிங்க் முறை என்றால்தான் நிதானித்துப் பேசுகிறது. அதில் நகலே கிடையாது. ஒரே ஃபைலைப் பழையதும் புதியதும் பகிர்ந்துகொள்கின்றன. பெரிய டேட்டாபேஸும் சட்டென்று மாறிவிடுவது அதனால்தான். லிங்க் போடத் தொடங்கியதும் பழையதன் பிஜி_கன்ட்ரோல் ஃபைலின் பெயரோடு 'ஓல்டு' என்று ஒட்டு சேர்ந்துவிடும். புதிய சர்வரைக் கிளப்பாதவரை அந்த ஒட்டை நீக்கித் திரும்பிவிடலாம். கிளப்பிவிட்டால் பேக்கப்தான் கதி.

நடுராத்திரியில் கை நடுங்க உட்கார்ந்திருப்பவரை நினைத்து எழுதிய பகுதி இது. 18-இல் வந்துள்ள ஸ்வாப் முறைக்கு இது இன்னும் அவசியம். அது டைரக்டரிகளையே இடம் மாற்றுவதால், ஃபைல்கள் நகரத் தொடங்கியதுமே பழையது கைவிட்டுப் போகிறது.

"பேக்கப் இருக்கிறதே சார்" என்றார் நண்பர். இருக்கிறது, மாற்றத்துக்கு முன் எடுத்தது. புதிய சர்வர் ஓடத் தொடங்கியபின் வந்த ஆர்டர்கள் அதில் இருக்காதே! அட்டவணையில் இன்னொரு கட்டம் போடச் சொன்னேன்: எந்தக் கட்டளை வரை திரும்பலாம், அதைத் தாண்ட யார் அனுமதி தர வேண்டும். ரெப்ளிகேஷனுக்கு நேரே அதை நிரப்பும்போது, புதியதில் பதிவாவதைப் பழையதற்குத் திருப்பி அனுப்ப ஏற்பாடு உண்டா என்பதையும் அவர்கள் இப்போதே முடிவு செய்தாக வேண்டும்.