சந்திரனில் கேட்ட பாங்கும் நம்முடைய போன்களும்



நீல் ஆம்ஸ்ட்ரோங் சந்திரனில் பாங்குச் சத்தம் கேட்டு இஸ்லாத்துக்கு வந்தார் என்ற வீடியோ இந்த வாரம் மறுபடியும் ஊர்க் குழுமங்களில் சுற்றுகிறது. எனக்கு மட்டும் நாலு பேர் அனுப்பியிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் பட்டதாரிகள். "இதெல்லாம் உங்கட சயன்ஸ் பாடத்துல சொல்லிக் குடுக்க மாட்டீங்களே சேர்" என்று ஒரு குத்தல் வேறு.

சொல்லிக் கொடுக்கிறேன். சந்திரனில் வளி இல்லை, வளி இல்லாத இடத்தில் ஒலி பயணம் செய்யாது. பாடசாலைப் பிள்ளைக்கே தெரிந்த விசயம். போதாததற்கு ஆம்ஸ்ட்ரோங் உயிரோடு இருந்த காலத்திலேயே இதை மறுத்துவிட்டார். 1983இல் அமெரிக்க அரசு முஸ்லிம் நாடுகளிலுள்ள தன் தூதரகங்களுக்கு அந்த மறுப்பை எழுத்தில் அனுப்பியது. மனிதர் 2012இல் போய்ச் சேர்ந்தார். கதை மட்டும் சாகவில்லை.

"அனுப்பினா யாருக்கு என்ன நட்டம்? ஈமான் கூடத்தானே செய்யும்" என்று கேட்பவர்களுக்கு 2018ஐ ஞாபகப்படுத்துகிறேன். அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடை. கறியில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, மலட்டு மாத்திரை போட்டாயா என்று கடைக்காரரைச் சூழ்ந்துகொண்டு மிரட்டுகிறார்கள். சிங்களம் சரியாக விளங்காத அந்த மனிதர் பயத்தில் ஆம் என்பதுபோல் எதையோ சொல்கிறார். அந்த வீடியோ நாடு முழுக்கப் போனது. அது வெறும் மாக்கட்டி, மருந்து எதுவும் இல்லை என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வரும்போது அம்பாறைப் பள்ளியும் தாக்கப்பட்டு, திகனயிலும் கடைகள் எரிந்து முடிந்திருந்தன. திகனக் கலவரத்துக்கு உடனடிக் காரணம் வேறு என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நெருப்புக்கு விறகு அடுக்கியதில் இந்த வீடியோவுக்குப் பங்கு உண்டு. பேஸ்புக் நிறுவனமே 2020இல் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது.

அன்று அதை அனுப்பிய ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பாலானோர் காடையர்கள் அல்ல. வீட்டிலிருந்த அங்கிள்மார், ஆன்ட்டிமார். நம்பினார்கள், பதறினார்கள், அனுப்பினார்கள். நாம் இன்று செய்வதும் அதே வேலைதான். செய்தி வந்தால் விசாரித்துப் பாருங்கள் என்கிற சூரா ஹுஜுராத்தின் 6ஆவது வசனத்தை அந்த நாட்களில் எத்தனை குத்பாக்களில் கேட்டோம்! அது அடுத்தவனுக்கு மட்டும் இறங்கிய வசனமா?

பெருமை வேண்டுமா, உண்மையான பெருமையே தாராளமாக இருக்கிறது. பிபிசி 2009இல் தயாரித்த 'சயன்ஸ் அண்ட் இஸ்லாம்' என்ற ஆவணப்படத்தைத் தேடிப் பாருங்கள். மூன்று பாகம், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். பக்தாதில் பிறந்த பௌதிகவியல் பேராசிரியர் ஜிம் அல்கலீலி நடத்திச் செல்கிறார். இரண்டாம் பாகத்தில் அல்பிரூனி வருவார். ஆயிரம் வருடங்களுக்கு முன் அவர் ஒரு மலையின் உயரத்தைக் கோணங்களை வைத்து அளந்தார். பிறகு உச்சியில் ஏறி, அடிவானம் தன் கண்மட்டத்துக்கு எவ்வளவு கீழே தெரிகிறது என்று அளந்தார். மிகச் சிறிய கோணம்தான். அதை வைத்தே பூமியின் ஆரையைக் கணித்துவிட்டார், விடையும் உண்மையான அளவுக்குக் கிட்டத்தட்ட சரி. இது என்ன? நம் பிள்ளைகள் சாதாரண தரத்தில் படிக்கிற, "இது எங்க சேர் உதவப்போகுது" என்று கேட்கிற அதே இறக்கக்கோணம், அதே கோசைன். இந்தப் பகுதியைப் பார்த்த பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்காது.

அதே பாகத்தில் இப்னுல் ஹைதமும் வருகிறார். பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக எதையும் ஏற்காமல், சோதித்துப் பார்த்தே ஒளியைப் பற்றி எழுதியவர். மூன்றாம் பாகத்தின் பெயரே 'சந்தேகத்தின் சக்தி' என்ற அர்த்தம் வரும் பெயர். அவருடைய படத்தைப் போட்டு, கீழே சோதிக்காத ஒரு கதையை எழுதி, "மாஷா அல்லாஹ்" என்று அனுப்புகிறோமே, அவருக்கு இதைவிட வேறு அவமதிப்பு வேண்டுமா?

இனி ஆட்சேபங்கள். அல்கலீலி மார்க்கப் பற்றில்லாதவராம். உண்மைதான், அவரே அதை ஒளிக்கவில்லை. பக்தாதில் கலீபாக்களின் காலத்தில் கிரேக்க மருத்துவ நூல்களை அரபிக்குக் கொண்டுவந்தவர்களில் தலையானவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக், ஒரு கிறிஸ்தவர். அவர் மொழிபெயர்த்த கேலன் நம் மார்க்கத்தையே அறியாதவர். அன்றைய முஸ்லிம்களின் ஈமானுக்கு அதனால் ஒன்றும் வந்துவிடவில்லை. பின்னணி இசை இருக்கிறது என்பவர்கள், தாங்கள் அனுப்பும் கிளிப்புகளில் முழங்குவது என்ன என்று ஒருமுறை காதைக் கொடுத்துக் கேட்கட்டும். ஆங்கிலம் என்பது மட்டும் நியாயமான தடை. யூடியூப் தரும் தமிழ் எழுத்துகள் பல இடங்களில் சிரிப்பு வரும் அளவுக்கு மோசம். நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், விளங்காததைப் பிள்ளையிடமே கேளுங்கள்.

பலஸ்தீன் விசயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2023 ஒக்டோபரில் காஸா என்று உலகம் முழுக்கப் பரவிய சில காட்சிகள் 'ஆர்மா 3' என்ற வீடியோ கேமில் எடுத்தவை. அப்படி ஒன்று பிடிபட்டால் போதும், உண்மையான நூறு காட்சிகளையும் பொய் என்று தள்ளிவிட எதிராளிக்கு வசதி. அந்த மக்களின் துயரத்துக்குப் பொய்ச்சாட்சி தேவையே இல்லை. அல்ஜஸீராவின் 'அந்நக்பா' நான்கு பாகங்களும் யூடியூபில் காசில்லாமல் கிடைக்கின்றன. கதையை 1948இல் அல்ல, 1799இல் நெப்போலியன் அக்கா நகரை முற்றுகையிட்டதிலிருந்து தொடங்குகிறார்கள். அதைப் பார்த்து முடித்தவரால் இந்த விசயத்தில் கத்தாமல் பேச முடியும்.

'ஃபைவ் புரோக்கன் கெமராஸ்' என்ற படம் வேறு மாதிரி. பில்இன் கிராமத்து விவசாயி இமாத் புர்னாத், 2005இல் தன் மகன் பிறந்தபோது ஒரு கெமரா வாங்குகிறார். அந்தக் கெமராவில், தங்கள் நிலத்தைப் பிரித்துக்கொண்டு சுவர் வருவதும் பதிவாகிறது. ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து கெமராக்கள் உடைகின்றன, மகன் வளர்கிறான். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், சாதாரண தரப் பிள்ளைகளோடு கூட உட்கார்ந்து பாருங்கள். அவரோடு சேர்ந்து இயக்கியவர் ஓர் இஸ்ரேலியர். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாகக் குழும அட்மின்மாருக்கு. வாரத்துக்கு ஒரு நல்ல படத்தின் லிங்கைப் போடுங்கள், வியாழன் இரவு போட்டால் வெள்ளி லீவு வீடுகளில் பார்ப்பார்கள். "இது எங்கிருந்து எடுத்தது?" என்று யாராவது கேட்டால் அவரை ஈமான் குறைந்தவராக்கித் தூக்கி வீசாதீர்கள். போன மாதம் அப்படி ஒரு சகோதரரைத் தூக்கினீர்கள். அவரைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள்.