பனிப்பாறை விட்டுச்சென்ற பள்ளம்

2023 அக்டோபர் 3 இரவில் வடக்கு சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி கரையை உடைத்துக்கொண்டு இறங்கியது. மேகவெடிப்பு என்றுதான் முதலில் செய்தி வந்தது. மழைமேல் பழியைப் போட்டுவிட்டால் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை அல்லவா?

ஏரியின் கதையோ அரை நூற்றாண்டுக் கதை. தீஸ்தா நதியின் தலைமாட்டில், சுமார் 5,200 மீட்டர் உயரத்தில் அது இருக்கிறது. 1962-க்கும் 2008-க்கும் இடையே அங்கிருந்த பனிப்பாறையின் முனை ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் பின்வாங்கியது. விட்டுப்போன பள்ளத்தில் உருகிய நீர் தேங்கியது. அதற்குக் கரை என்று இருந்தது, பனிப்பாறை ஒருகாலத்தில் அரைத்துத் தள்ளிய கல்லும் மண்ணும்தான். அந்த அக்டோபர் இரவில் பக்கவாட்டுச் சரிவு பெயர்ந்து ஏரிக்குள் விழ, எழுந்த அலை முன்கரையை அரித்துத் தள்ளியது. இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்களில் செப்டம்பர் 28 அன்று 167 ஹெக்டேராக இருந்த ஏரி, அக்டோபர் 4 அன்று வெறும் 60 ஹெக்டேர்.

கீழே சுங்தாங்கில் இருந்த தீஸ்தா-3 மின்திட்டத்தின் 60 மீட்டர் உயர அணை அடித்துச் செல்லப்பட்டது. 1,200 மெகாவாட் திட்டம். 2017-ல்தான் உற்பத்தி தொடங்கியிருந்தது. ராணுவ வெடிபொருள்களையும் வாரிச் சுருட்டிய வெள்ளம் மேற்கு வங்கத்தின் ஜல்பைகுரி வரை போனது. ஆற்றங்கரையில் கிடப்பதைத் தொடாதீர்கள் என்று மக்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று.

ஆபத்து தெரியாமல் இல்லை. ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எழுதிவந்தார்கள். 2016-ல் நீரை வடிக்கக் குழாய்கள்கூடப் போட்டார்கள். அதற்குப் பிறகும் ஏரி வளர்ந்தது. கண்காணிப்புக் கருவிகள் மலையேறியது 2023 செப்டம்பரில். எச்சரிக்கை அமைப்பு முழுமை பெறுவதற்குள் ஏரி முந்திக்கொண்டது.

இந்துகுஷ்-இமயமலையின் பனிப்பாறைகள் 2011-2020 பத்தாண்டில், அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் வேகமாகக் கரைந்திருக்கின்றன. இந்த நிலையில்தான், உடைந்த அணையை ஏறக்குறைய இருமடங்கு உயரத்தில் கான்கிரீட்டில் கட்ட மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிபுணர் குழு 2025 ஜனவரியில் பரிந்துரைத்தது. பனி ஏரி வெள்ளத்தையும் கணக்கிட்ட வடிவமைப்பு என்கிறார்கள். இருக்கலாம். ஆனால், சுங்தாங்கில் வீடு வைத்திருப்பவருக்கு அணையின் உறுதியைவிட, ஓடி மேட்டில் ஏற எத்தனை நிமிடம் கிடைக்கும் என்பதே முக்கியம்.

தீஸ்தாவின் தலைமாட்டில் இன்னும் பல ஏரிகள் இருக்கின்றன. அவற்றின் கரைகளில் எச்சரிக்கைக் கருவிகள் ஒரு குளிர்காலத்தையாவது பழுதின்றித் தாண்டிக் காட்டட்டும். அதன்பிறகு அணைக்கு அடிக்கல் நாட்டட்டும்.