அடங்கினால் போதுமா?

"மூளையைப் போலவே யோசிக்கும் சிப்!" காலையிலிருந்து மூன்று குழுக்களில் இதே செய்தி. முப்பது வருடம் உயிரியல் நடத்தியவன், சும்மா இருக்க முடியவில்லை.

கடல் முயல் என்றொரு நத்தை இனம். அதன் நீர்க்குழாயை மெல்லத் தொட்டால் செவுளை உள்ளிழுக்கும். தொட்டுக்கொண்டே இருந்தால் பழகிப்போய்க் கண்டுகொள்ளாது. வாலில் ஒரு மின் அதிர்ச்சி கொடுத்துவிட்டுத் தொடுங்கள், மறுபடி இழுக்கும். இதை நரம்பு நரம்பாக ஆராய்ந்த எரிக் கேண்டலுக்கு 2000இல் நோபல் பரிசு.

இன்டெல் 2017இல் அறிவித்த லோய்ஹி போன்ற நியூரோமார்ஃபிக் சிப்புகளில், செயற்கை நியூரான் துடிக்கத் துடிக்க அடுத்த துடிப்புக்கான வரம்பை உயர்த்தலாம். துடிப்பு குறையும். நல்ல வேலைதான். ஆனால் குறைந்ததை மட்டும் காட்டி 'மூளை' என்றால் எப்படி? களைத்த தசையும்தான் அடங்குகிறது! புதிதாக ஒன்று வந்ததும் விழிக்கிறதா? அதுதான் பரீட்சை.

என் கடைசி பெஞ்சுப் பையன்களும் ஒரே குரலைக் கேட்டுக் கேட்டு அடங்கினார்கள். 'மந்தம்' என்றேன். ஒருநாள் உயிருள்ள நத்தையை மேசைமேல் வைத்தேன். முதலில் ஓடிவந்தவர்கள் அவர்கள்தான். அடக்கத்தை மட்டும் பார்த்து நான் அன்று தப்பாக மார்க் போட்டேன். நீங்களும் போடாதீர்கள்.

பகிருமுன் கேளுங்கள்: விழித்ததா?