சி பிரிவுக்கு என்ன அர்த்தம்?

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். அவசரம் இருக்கிறவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள்.

மே மாதக் கடைசியில் என் தம்பி மகளையும் அவள் பையனையும் சென்னைக்கு ரயிலேற்றிவிட போடி ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். 2023 ஜூன் 15-ஆம் தேதி வந்த ரயில்; வாரத்தில் மூன்று நாள். அது போடியில் நிற்பதைப் பார்ப்பதே எனக்கு இன்னும் திருவிழாதான். பையன் பெட்டியில் ஏறவில்லை; நேராக எஞ்சினிடம் ஓடிவிட்டான். "பாட்டி, டபிள்யூ டி எம் 3 டி-னு எழுதியிருக்கே, அது எஞ்சினோட இனிஷியலா?" என்றான்.

இனிஷியல் இல்லடா, அது செய்கிற வேலை என்றேன். ரயில் கிளம்ப நேரம் இருந்ததால் அங்கேயே நின்று பாடம் நடத்தினேன். ஓய்வு பெற்றாலும் வாய் ஓய்வு பெறவில்லையே.

முதல் எழுத்து பாதை. டபிள்யூ என்றால் அகலப்பாதை, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1676 மில்லிமீட்டர். ஒய் என்றால் மீட்டர்பாதை, சரியாக 1000. இசட், என் இரண்டும் குறுகிய பாதைகள், 762, 610. இரண்டாவது எழுத்து எதைக் கொண்டு ஓடுகிறது என்பது. டி என்றால் டீசல்; ஏ என்றால் மாறுதிசை மின்சாரம்; சி என்றால் நேர்திசை மின்சாரம். கரி எஞ்சின் காலத்தில் இந்த எழுத்தே கிடையாது, எல்லாமே கரிதானே! அதனால்தான் பழைய எஞ்சின்கள் டபிள்யூ.பி., ஒய்.பி., ஒய்.ஜி. என்று இரண்டே எழுத்தில் நின்றன. அடுத்த எழுத்து வேலை. பி பயணி வண்டி, ஜி சரக்கு, எம் இரண்டும், எஸ் ஸ்டேஷனுக்குள் பெட்டிகளைத் தள்ளிச் சேர்க்கிற ஷண்டிங். அதன் பிறகுதான் எண்.

பக்கவாட்டில் ஜி.ஓ.சி. என்று சின்னதாக எழுதியிருந்ததையும் காட்டினேன். அது கோல்டன் ராக், அதாவது நம் திருச்சி பொன்மலை ஷெட். எஞ்சினுக்குச் சொந்த ஊர்.

ஒய் என்பது 'யார்டு', அதாவது கஜம் என்ற சொல்லிலிருந்து வந்தது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1920-களில் இந்திய ரயில்வேக்குப் பொதுவான எஞ்சின் வகைகளை வகுத்தபோது அகலப்பாதைக்கு எக்ஸ், மீட்டர்பாதைக்கு ஒய், குறுகிய பாதைக்கு இசட் என்றுதான் வைத்தார்கள். எக்ஸ்.ஏ., எக்ஸ்.பி., ஒய்.பி., ஒய்.டி. என்று போகும். எக்ஸ், ஒய், இசட் வரிசைதான் மூலம் என்பது என் கணக்கு. சுதந்திரத்தை ஒட்டி வந்த புதிய அகலப்பாதை எஞ்சின்களுக்கு டபிள்யூ வந்தது. ஒய் மட்டும் இடம் மாறாமல் இருந்துவிட்டது. நம் ஊட்டி மலை ரயிலின் எக்ஸ் எஞ்சின் இந்த வரிசையில் சேராது. அது பல்சக்கரம் பிடித்து ஏறுகிற தனிப் பிறவி.

போடிக்காரர்களுக்கு ஒய் வெறும் எழுத்து இல்லை. மதுரையிலிருந்து 90 கிலோமீட்டர், உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்கி, தேனி வழியாக இந்த மலையடிவாரத்தில் முடிகிற பாதை. 1928-இல் போட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950-களில் திரும்பப் போட்டார்கள். 1992-இல் நாடு முழுக்க ஒரே அகலம் என்று முடிவெடுத்த பிறகு சுற்றியிருந்த பாதையெல்லாம் அகலமாகி, கடைசியில் மதுரையில் மிஞ்சிய மீட்டர்பாதை எங்களுடையது மட்டும்தான். 2010 டிசம்பர் கடைசியோடு அதையும் நிறுத்தினார்கள். தேனிக்கு 2022 மே மாதம் ரயில் வந்தது, போடிக்கு 2023 ஜூனில். நடுவில் பன்னிரண்டு வருடம். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான் பாடம் நடத்திய பல பிள்ளைகள் ரயிலைப் புத்தகத்தில் மட்டும் பார்த்து எட்டாம் வகுப்பு முடித்துப் போனார்கள். ஒய் போய் டபிள்யூ வருவதற்கு இந்த ஊர் கொடுத்த விலை அது.

கடைசிக் காலத்தில் அங்கே ஓடியது ஒய்.டி.எம்.4. ஆறு சிலிண்டர் டீசல். எண்கள் ஆறில் தொடங்கும், நான்கு இலக்கம். அந்த வகை எஞ்சின்கள் சில மலேசியாவுக்கும் வாடகைக்குப் போயின. அங்கேயும் 1000 மில்லிமீட்டர் பாதைதான். இன்னொரு பெருமையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவிலேயே மீட்டர்பாதையில் மின்சார எஞ்சின் ஓடியது நம் சென்னைப் பக்கத்தில்தான். தாம்பரம், விழுப்புரம் என்று போன அந்த ஒய்.ஏ.எம்.1 ஜப்பானில் செய்தது.

சரி, ஒரு ஆரம்பப் பயிற்சி டீச்சருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஒரு மாணவன் சொல்லிக் கொடுத்தான். பெயர் எழுத மாட்டேன். அவனோடு படித்தவர்களுக்குத் தெரியும்.

1990-களின் நடுவில் ஏழாம் வகுப்பு. அவன் அம்மா விடிவதற்குள் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய் இருட்டித்தான் திரும்புவார். அவர் வரும்வரை இவனுக்கு ஸ்டேஷன்தான் வீடு. நோட்டின் பின்பக்கமெல்லாம் எஞ்சின் படம். ஒருநாள் கணக்கு நோட்டைத் திருத்தும்போது பார்த்துவிட்டு, இதென்னடா கிறுக்கல் என்று அதட்டினேன். பயப்படாமல் சொன்னான்: "ஒய்-னா சின்னப் பாதை டீச்சர். டி-னா டீசல். எம்-னா ரெண்டும். ஆளையும் இழுக்கும், மூட்டையையும் இழுக்கும்."

நான் அசந்துபோய்ப் பாராட்டினேன். உடனே அடுத்த கேள்வி கேட்டான்.

"டீச்சர், நம்ம கிளாஸ் சி-க்கு என்ன அர்த்தம்?"

என்னிடம் பதில் இல்லை. உண்மையில் பதில் இருந்தது, சொல்ல முடியவில்லை. முந்தைய ஆண்டு மார்க்கை வரிசைப்படுத்தி, மேலே இருப்பவர்களை ஏ, நடுவில் இருப்பவர்களை பி, மிச்சத்தை சி என்று பிரித்திருந்தோம். அந்தப் பட்டியலை எழுதியதே நான். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று என்னிடம்தான் கொடுப்பார்கள். பி-க்குப் பிறகு வருகிற எழுத்துடா என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவன் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இப்போது ஏன் இது ஞாபகம் வந்தது? பள்ளி திறந்த இரண்டாம் நாள் தம்பி மகள் சென்னையிலிருந்து போன் செய்தாள். பையனை ஏழாம் வகுப்பில் சி பிரிவில் போட்டுவிட்டார்களாம். "அத்தை, ஏ-க்கு மாத்தச் சொல்லி ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. நீங்க எழுதினா நல்லா இருக்கும்." பின்னால் பையன் அழுகிற சத்தம். ஒரு மாதம் முன்னால் சென்ட்ரலில் இறங்கிய காலையில், மதுரையில் மாட்டிய எஞ்சின் டபிள்யூ.ஏ.பி.7 என்றும், அது ராயபுரம் ஷெட் என்றும், எண் 30-இல் தொடங்குகிறது என்றும் மூச்சுவிடாமல் போனில் சொன்ன பையன்.

அவன் பார்த்த அந்த எஞ்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு இழுக்கிற டபிள்யூ.ஏ.ஜி.9-இன் உடன்பிறப்பு அது. பற்சக்கர விகிதத்தை மாற்றி, வேகமாகப் பயணி வண்டி இழுக்கிற மாதிரி அமைத்ததுதான் டபிள்யூ.ஏ.பி.7. ஜி-யை விட பி உசத்தி என்று எந்த ஷெட்டிலும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஷண்டிங் எஞ்சின் இல்லாவிட்டால் ராஜதானிக்கே பெட்டி சேராது. இன்னொன்று. 2600 குதிரைசக்தி கொண்ட டபிள்யூ.டி.எம்.2 எஞ்சின்களைப் பட்டியாலாவில் திரும்பக் கட்டி 3100 ஆக்கினார்கள். ஆக்கியதும் எழுத்தையும் மாற்றி டபிள்யூ.டி.எம்.3ஏ என்று எழுதினார்கள். பழைய எழுத்தைச் சுமந்துகொண்டே ஓடு என்று விடவில்லை. எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சி-க்குப் போன பிள்ளை எட்டாம் வகுப்பு முடியும்வரை பெரும்பாலும் சி-யிலேயே இருந்தது.

ரயில்வேக்காரர்கள் எல்லாம் ஒழுங்கு என்று சொல்லவில்லை. கடைசி எழுத்தை அவர்களே குழப்பி வைத்திருக்கிறார்கள். 2000-களின் தொடக்கத்தில் டீசலுக்கு நல்ல விதி ஒன்று செய்தார்கள்: எண் ஆயிரக் கணக்கில் குதிரைசக்தி, பின்னால் வரும் ஏ என்றால் கூட நூறு, பி என்றால் இருநூறு, இப்படியே மேலே. 3ஏ என்றால் 3100, சரியாக வருகிறது. அப்படியானால் போடியில் நின்ற 3டி 3400 இருக்க வேண்டும். அது 3300தான். டபிள்யூ.டி.பி.4பி-யும் 4500, 4டி-யும் 4500. அந்த டி இரண்டு பக்கமும் ஓட்டுநர் அறை என்பதற்காம். பீகாரில் செய்கிற டபிள்யூ.டி.ஜி.4ஜி-யும் 4500. மின்சார எஞ்சினில் 7, 9 எல்லாம் வெறும் வரிசை எண், திடீரென்று டபிள்யூ.ஏ.ஜி.12-இல் மட்டும் 12 என்பது பன்னிரண்டாயிரம் குதிரைசக்தியைச் சொல்கிறது. எழுத்துக்கு ஒரு அர்த்தம் சொல்லிவிட்டு நாமே அதை மீறினால், படிக்கிற பிள்ளை அடுத்த எழுத்தையும் நம்பாது. இது எனக்கு உண்மையாகவே எரிச்சல். ஆனால் அங்கே தப்பு எது என்று சுட்டிக்காட்ட முடிகிறதே, விதி வெளியே எழுதியிருப்பதால்!

தரம் பிரிப்பதே தப்பு என்றும் நான் சொல்ல மாட்டேன். ஏலக்காய் ஊரில் பிறந்துவிட்டு அப்படிச் சொன்னால் என் பெரியம்மா ஆவி கூட மன்னிக்காது. வாழ்நாள் முழுக்க ஸ்டோரில் சல்லடை பிடித்துக் காய் பிரித்த கை அது. எட்டு மில்லிமீட்டர் தனி, ஏழு எட்டு தனி. ஏற்றுமதி மூட்டையில் ஏ.ஜி.இ.பி., ஏ.ஜி.பி., ஏ.ஜி.எஸ். என்று எழுத்து. ஆலப்புழையில் ஏலம் விளையாது, ஆனாலும் 'ஆலப்பி பச்சை' என்ற பேர் ஒட்டிக்கொண்டது. அது அப்பட்டமான தரவரிசைதான். அதில் எனக்குச் சண்டை இல்லை. அது பறித்துக் காயவைத்த காய், அதற்குமேல் பெருக்காது. ஏழாம் வகுப்புப் பிள்ளை செடியில் இருக்கிற காய். அதைச் சல்லடையில் போடுவதற்கு நாம் யார்?

"ஒரே மாதிரிப் பிள்ளைகள் ஒன்றாக இருந்தால் நடத்துவது சுலபம் டீச்சர்" என்று என்னுடன் வேலை பார்த்தவர்கள் சிலர் இதைப் படித்துவிட்டுச் சொல்வார்கள். சுலபம்தான், நமக்கு. மெதுவாகப் படிக்கிறவர்களுக்குத் தனிக் கவனம் என்பது திட்டமாக இருந்தது. நடந்தது என்ன? யாராவது லீவு போட்டால் முதலில் ஆசிரியர் இல்லாமல் போவது சி பிரிவு. ஆண்டுவிழா நாடகத்துக்கு ஏ-யிலிருந்து ஆள் எடுப்போம், நாற்காலி தூக்க சி-யிலிருந்து. இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. நானே செய்தேன். அந்த நாற்காலி தூக்கிய கைகள் சில இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்கும். உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். சும்மா சம்பிரதாயத்துக்கு இல்லை.

எஞ்சின் படம் வரைந்தவன் 2023-இல் முதல் ரயில் வந்த அன்று எனக்குப் போன் செய்தான். ரயில்வேயில் இல்லை, திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெஷின் பழுது பார்க்கிறான், நன்றாக இருக்கிறான். "டீச்சர், எந்த எஞ்சின் வந்துச்சுன்னு பாத்தீங்களா?" என்றுதான் முதலில் கேட்டான். நான் கூட்டத்தில் எஞ்சினைப் பார்க்கவே முடியவில்லை என்றேன். ஏமாந்துபோய்விட்டான்.

தம்பி மகள் கேட்ட கடிதத்தை எழுதி அனுப்பிவிட்டேன். ஏ பிரிவுக்கு மாற்றுங்கள் என்று அதில் இல்லை. மாற்றினால் இவன் இடத்துக்கு இன்னொரு பிள்ளை சி-க்கு வர வேண்டும். பிரிவுகளை எந்த அடிப்படையில் பிரித்தீர்கள், சி என்பதற்கு என்ன பொருள், வருட நடுவில் அது மாறுமா என்று மூன்று கேள்வி மட்டும் கேட்டிருக்கிறேன். அவளுக்கு என்மேல் கோபம். இரண்டு நாளாகப் போன் எடுக்கவில்லை. இதைப் படிப்பாள் என்று தெரியும்.

பையனுக்கு போடி ஸ்டேஷனில் ஒய்.டி.எம்.4 நிற்கிற படம் ஒன்று அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். என்னிடம் இருப்பதில் எண் தெரியவில்லை. 2010-க்கு முன்னால் எடுத்த நல்ல படம், எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி, யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள். பெரியகுளம் ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருந்தவரின் மகன் என் மாணவன்தான்; அப்பாவின் பழைய நெகட்டிவ் பெட்டியைக் கொஞ்சம் துழாவிப் பாரப்பா.