அந்த மலைக்கு அங்கால

வீடியோ கேம் என்றதும் எங்கள் வீடுகளில் முதலில் வரும் சொல் "சுடுறது". அடுத்தது "நேரம் வீண்". மூன்றாவதாக, அது பொடியன்களுடைய வேலை என்ற தீர்ப்பு. முதல் இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. மூன்றாவதை நான் ஏற்கவில்லை; காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. ஸ்கைரிம் என்ற விளையாட்டு வெளிவந்தது 2011 நவம்பர் 11ஆம் திகதி. அப்போது நான் பாலர் பாடசாலைக்குக்கூடப் போகவில்லை. அதை இன்றும் ஆட்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஆறு கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்றுவிட்டன. சண்டைதான் காரணம் என்றால், அதைவிட நன்றாகச் சண்டை பிடிக்கக்கூடிய விளையாட்டுகள் எத்தனையோ உண்டு. ஸ்கைரிமில் வாள் வீசுவது, உள்ளதைச் சொன்னால், ஈக்கு விசிறுவது போலத்தான் இருக்கும். பிறகு எதற்காக வாங்குகிறார்கள்?

ஸ்கைரிம் போன்றவற்றைத் திறந்த உலக ரோல் பிளேயிங் விளையாட்டு என்பார்கள். நீங்கள் ஒரு பாத்திரமாகிறீர்கள். உங்களைச் சுற்றி ஒரு நாடே இருக்கிறது: மலை, ஆறு, சந்தை, காட்டுப்பாதை, மழை, இரவு. பிரதான கதை ஒன்று உண்டு. ஆனால் அதை இப்போதே தொடர வேண்டும் என்ற கட்டாயமில்லை.

ஸ்கைரிமின் தொடக்கத்தில் நீங்கள் கைகள் கட்டப்பட்ட கைதி. வண்டியில் ஏற்றிக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோகிறார்கள். தலையை வைத்த நேரத்தில் ஒரு டிராகன் வந்து ஊரை எரிக்கிறது. தப்பி ஓடி, ஒரு குகை வழியே வெளியே வருகிறீர்கள். கூட வந்தவன் "பக்கத்து ஊருக்குப் போவோம்" என்கிறான். அவன் போகிற பாதையிலேயே போகலாம். அவனை விட்டுவிட்டு எதிர்ப்பக்கமாக மலையேறவும் செய்யலாம். யாரும் ஏசமாட்டார்கள். உலகத்தைக் காப்பாற்ற வேண்டிய வீரன் ஒரு மாதம் மூலிகை பறித்துக்கொண்டு திரிந்தாலும் அந்த உலகம் பொறுத்திருக்கும். கதை என்று பார்த்தால் இது பெரிய ஓட்டைதான். ஆனால் ஆட்கள் அந்த ஓட்டையைத்தான் விரும்பி வாங்குகிறார்கள் என்பது என் கருத்து. அந்த விளையாட்டு உங்களை நம்புகிறது. போகும் திசையை உங்களிடமே விடுகிறது. எந்தத் திசையில் போனாலும் அங்கே உங்களுக்காக ஏதோ ஒன்றை வைத்திருக்கிறது.

இந்த ஆசை எங்கிருந்து விளையாட்டுக்குள் வந்தது என்று தேடினால் ஒரு சிறுவன் கிடைக்கிறான். ஷிகெரு மியமோட்டோ ஜப்பானில் கியோட்டோவுக்கு அருகே சொனோபே என்ற கிராமப்புறத்தில் வளர்ந்தவர். சின்ன வயதில் குன்றுகளில் அலைந்து திரிந்தபோது எதிர்பாராமல் ஓர் ஏரியைக் கண்டார். ஒரு குகையைக் கண்டு விளக்குடன் உள்ளே போய்ப் பார்த்தார். அந்த வியப்பைத்தான் 1986இல் வெளிவந்த செல்டா விளையாட்டில் வைக்க முயன்றதாகப் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். அந்த வரிசையில் 2017இல் வந்த பிரெத் ஒஃப் த வைல்ட், ரோல் பிளேயிங் வகையில் சேருமா சேராதா என்று ஆட்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் அக்கறையில்லை. அதன் நெறியாளர் ஹிதெமாரோ ஃபுஜிபயாஷி கியோட்டோக்காரர். தனக்குப் பழகிய அந்த நகரத்தின் வரைபடத்தை விளையாட்டின் நிலத்தின்மேல் வைத்துப் பார்த்துத்தான் தூரங்களைத் தீர்மானித்தார்.

இன்னொன்றும் செய்தார்கள். புவியியல் பாடத்தில் சமவுயரக் கோடுகளோடு மல்லுக்கட்டும் எனக்கு இது மிகவும் பிடித்த விடயம். அந்த நிலத்தை எங்கு பார்த்தாலும் முக்கோணங்களாக அமைத்தார்கள். பெரிய முக்கோணம் ஒரு மலை, சின்ன முக்கோணம் ஒரு பாறை. முக்கோணம் எதிரே நின்றால் உங்களுக்கு இரண்டு வழி: ஏறலாம், அல்லது சுற்றிப் போகலாம். எந்த வழியில் போனாலும் பின்னால் மறைந்திருப்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கண்ணில் படும். ஒரு கோபுர உச்சி, பிறகு அதன் கதவு, பிறகு கதவருகே எரியும் ஒரு விளக்கு. "இங்கே வா" என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் கால் அந்தப் பக்கமே இழுக்கிறது.

இது எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி உண்டு. கட்டாரில் வேலை செய்யும் மாமா விடுமுறைக்கு வந்தபோது ஒரு நின்டெண்டோ கொண்டுவந்தார். அவருடைய சின்ன மகள் விளையாட, பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார் என் உம்மா. வாழ்நாளில் ஒரு கேமையும் தொட்டவரல்லர். கொஞ்ச நேரத்தில் கத்தி நின்றது. "அந்த மலைக்கு அங்கால என்ன ஈக்குது மகள்?" என்றார். அவள் "தெரியா மாமி, போய்ப் பாப்பமா?" என்றாள். அன்று கறி தாமதம்.

பழைய விளையாட்டுகள் இன்னும் துணிச்சலானவை. ஸ்கைரிமுக்கு முன்னோடியான மோரோவிண்ட் 2002இல் வந்தது. அதில் போக வேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறி கிடையாது. ஊர்க்காரர்களிடம் வழி கேட்க வேண்டும். இந்தப் பாதையால் போ, பாலம் வரும், அதைத் தாண்டி வடக்கே திரும்பு என்று அவர்கள் சொல்வது உங்கள் குறிப்பேட்டில் பதிவாகும். மிச்சம் உங்கள் பாடு. நம் ஊர்களில் வீடு தேடிப் போவது போலத்தான். முக்கிய கதையைத் தொடக்கி வைக்க வேண்டிய ஆள்கூட, நீ இன்னும் பழகாத ஆள், எங்கேயாவது போய்க் கொஞ்சம் அனுபவப்பட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்! இன்றைய விளையாட்டுகள் பலவற்றில் வரைபடம் முழுக்கப் புள்ளிகள். ஒவ்வொன்றாகப் போய்த் தொட்டுவிட்டு வர வேண்டும். அது எனக்கு விடுமுறைக்குத் தந்த பயிற்சிப் புத்தகத்தை ஞாபகப்படுத்துகிறது. உலகம் பெரிதாக இருந்தும் அலுப்பாக இருப்பது இதனால்தான்.

அலைந்து திரிபவருக்கு அங்கே என்ன கிடைக்க வேண்டும்? புதையல் கிடைத்தால் சந்தோசம்தான். ஆனால் மனிதர்கள் கிடைத்தால் அதைவிட மேல். போலந்து நாட்டில் உருவாகி 2015இல் வெளிவந்த விச்சர் 3 வளர்ந்தவர்களுக்கானது; அதன் கதையை நான் வாசித்தே அறிந்தேன், விளையாடவில்லை. அதன் நாயகன் அரக்கர்களைக் கொல்வதைத் தொழிலாகச் செய்பவன். அவனிடம் ஒரு கிழவி வந்து, பூட்டிய வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட தன் தாச்சியை எடுத்துத் தரச் சொல்கிறாள். அவ்வளவுதான், ஒரு தாச்சி. வேறோர் இடத்தில் ஒரு பிரபு, காணாமற்போன தன் மனைவியையும் மகளையும் தேடித் தரும்படி கெஞ்சுகிறான். தேடப் போனால்தான் தெரிகிறது, அவன் குடித்துவிட்டு மனைவியை அடித்தவன், அவர்கள் காணாமற்போகவில்லை, தப்பிப் போனார்கள் என்று. அதற்குப் பிறகு நீங்கள் எந்த முடிவை எடுத்தாலும் யாரோ ஒருவருக்கு இழப்பு வருகிறது. "சரியான விடை" என்று ஒன்று கிடையாது. பல்தேர்வு வினாக்களிலேயே வளர்ந்த எங்களுக்கு இது புதிது. விச்சர் 3 ஐந்து கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. அத்தனை பேரும் வாளுக்காக மட்டும் வாங்கினார்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

எல்டன் ரிங் இன்னொரு வகை. 2022 பெப்ரவரியில் வெளிவந்து மூன்று வாரம் முடிவதற்குள் ஒரு கோடியே இருபது இலட்சம் பிரதிகள் போயின. கடுமைக்குப் பேர்போனது. வெளியுலகத்துக்குக் கதவைத் திறந்த சற்று நேரத்திலேயே பொற்கவசம் அணிந்த ஒரு குதிரை வீரன் எதிரே உலாவுகிறான். மோதினால் நொடியில் தோல்வி. பலரும் மோதி மோதித் தோற்றபின்தான் விளங்கிக்கொள்கிறார்கள்: அவனைச் சுற்றிக்கொண்டு போகலாம். வேறு பக்கம் போய், தனக்கென்று ஒரு குதிரை பெற்று, பலம் தேடி, ஆறுதலாகத் திரும்பி வரலாம். பின்வாங்குவதையும் ஒரு வழியாக ஏற்றுக்கொள்ளும் விளையாட்டு அது.

உளவியலாளர்களும் இதைப் பார்த்திருக்கிறார்கள். ரிச்சர்ட் ரையன், ஸ்கொட் ரிக்பி, அன்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கி ஆகிய மூவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், தானாகத் தெரிவு செய்கிறேன் என்ற உணர்வும் என்னால் முடிகிறது என்ற உணர்வும் எந்த அளவுக்குக் கிடைக்கின்றனவோ அந்த அளவுக்கு ஆட்கள் விளையாட்டை ரசிக்கிறார்கள், திரும்ப விளையாட விரும்புகிறார்கள் என்று கண்டார்கள்.

இனி அந்த மூன்றாவது தீர்ப்புக்கு வருகிறேன்.

"எங்க போற? யாரோட போற? எத்தன மணிக்கு வார?" எங்களில் இந்தக் கேள்விகளைக் கேட்காத வீடு இல்லை. கேட்பவர்கள் எதிரிகளல்லர். பஸ்ஸிலும் வீதியிலும் நடப்பதை அறிந்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். நாளை நானும் கேட்பேன். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். வீடு, பாடசாலை, டியூஷன் வகுப்பு, வீடு. பதினேழு வயதுப் பெண்ணின் வரைபடத்தில் இந்த மூன்று புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்தான் உண்டு. என் வயது நானாமாருக்கு மஃரிபுக்குப் பிறகும் சந்தி இருக்கிறது, மைதானம் இருக்கிறது, யாருடையவோ மோட்டார் சைக்கிளின் பின் இருக்கை இருக்கிறது. "சும்மா ஒரு ரவுண்ட் போய் வாறேன்" என்ற வசனத்தை அவர்கள் நாளுக்கு இரு தடவை சொல்கிறார்கள். நான் அதை ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

காரணமில்லாமல் ஒரு பாதையில் நடப்பது, ஏரிக்கரையில் இருட்டும்வரை நிற்பது, பாதை பிரியும் இடத்தில் மனம் சொன்ன பக்கம் திரும்புவது: இந்த விளையாட்டுகள் விற்பது இவற்றைத்தான் என்றால், இவை யாருக்கு அதிகம் தேவை? வெளியே பாதை உள்ளவனுக்கா, இல்லாதவளுக்கா? ஸ்கைரிமிலும் எல்டன் ரிங்கிலும் பாத்திரத்தைப் பெண்ணாக அமைத்துக்கொள்ளலாம். பாதை ஒரு அடியும் குறைவதில்லை. 2017இல் வந்த ஹொரைசன் சீரோ டோனில் நாயகியே குலத்திலிருந்து ஒதுக்கப்பட்டு வளர்ந்த ஒரு பெண்தான். ஆகவே "பொடியன்களுடைய வேலை" என்பவர்கள் கணனி யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்கிறார்கள். ஆசை யாரிடம் இருக்கிறது என்பதை அவர்கள் கேட்கவில்லை.

இந்த ஆசை மேற்கத்தேயப் பைத்தியம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இப்னு பதூதா 1325இல் தன் 21ஆவது வயதில் தாஞ்சியரிலிருந்து ஹஜ்ஜுக்கென்று புறப்பட்டவர். 1344இல் மாலைதீவிலிருந்து மஃபர் கரைக்குப் போகும் வழியில் காற்று அவருடைய கப்பலை இலங்கைக்குத் தள்ளியது. இங்கே மன்னரைச் சந்தித்தபோது அவர் வேண்டியது, பாவா ஆதம் மலைக்குப் போய்ப் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்பதை. மன்னரும் ஆட்களைக் கொடுத்து அனுப்பினார். போக வேண்டிய இடம் ஒன்று, போனது இன்னொன்று. அவருடைய பயண நூலை நாம் இன்று பேசுவது இப்படிப்பட்ட விலகல்களுக்காகத்தான்.

குறைகளும் உண்டு. அந்தச் சுதந்திரம் முழுவதும் யாரோ மேசையில் இருந்து வரைந்தது. நீங்கள் தற்செயலாகக் கண்ட குகை உங்களுக்காகவே வைக்கப்பட்டது. உலகின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் நிற்கும். அலையும் ஆசையைக் காட்டி ஏமாற்றவும் முடியும். 2020 டிசம்பரில் வந்த சைபர்பங்க் 2077 அப்படித்தான் பெரிய நகரத்தை வாக்களித்தது. பழைய பிளேஸ்டேஷனில் அது ஒழுங்காக ஓடவேயில்லை. ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டுக் காசைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம்தான் திரும்ப வைத்தார்கள்.

மறுபக்கம், சின்ன உலகமும் போதும் என்பதற்கு 2023இல் வந்த அசாசின்ஸ் கிரீட் மிராஜ் உதாரணம். அந்த வரிசையின் முந்திய பெரும் விளையாட்டுகளைவிட அதன் நிலம் மிகச் சிறியது. ஆனால் அது 9ஆம் நூற்றாண்டு பக்தாத். உரையாடலை அரபியிலேயே வைத்துக்கொண்டு வட்ட நகரத்தின் தெருக்களில் நடக்கலாம், பைத்துல் ஹிக்மாவுக்குள் போகலாம். இஸ்லாமிய நாகரிகப் பாடத்தில் நான் புள்ளிக்காக மனனம் செய்த இடம் அது. கத்தியோடு திரியும் கதைதான், மறுக்கவில்லை. அந்தக் கத்தியை மறந்துவிட்டுப் புத்தக அலுமாரிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களும் இருக்கிறார்கள். காணொளியில் பார்த்த நானே அங்கே நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

"நேரம் வீண்" என்பதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. விச்சரின் பிரதான கதைக்கு மட்டும் ஏறத்தாழ 50 மணித்தியாலம் வேண்டும். உயர்தரப் பரீட்சை எழுதப் போகிறவளிடம் அது கிடையாது. காசும் அப்படித்தான். பெரிய கொம்பனிகளின் புதிய விளையாட்டு 70 டொலர், நம் காசில் 20,000 ரூபாவைத் தாண்டும். பரீட்சை முடிந்து வாங்க நினைப்பவர்கள் பெட்டியில் போட்டிருக்கும் வயதெல்லையை முதலில் பாருங்கள். பிறகு, அம்புக்குறியை நிறுத்திவைக்க முடியுமா என்று பாருங்கள். ஸ்கைரிம் பழசாகிவிட்டதால் கழிவு விலையில் சில டொலருக்கே கிடைக்கும். செல்டாவின் விலை இறங்குவது அருமை. அதற்குக் கட்டாரிலிருந்து ஒரு மாமா வர வேண்டும்.