கொம்பியூட்டரின் தலையில் பழியைப் போடாதீர்கள்

போன மாதம் கன்ரீனில் ஒரு வாக்குவாதம். பொறியியல் படிக்கிற நண்பர் ஒருவரோடு போயிங் 737 மக்ஸ் விபத்துகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். "அது ஒரு சொஃப்ட்வெயார் பிழை, திருத்திட்டாங்கள். ஆர்ட்ஸ் படிக்கிற உங்களுக்கு இதுக்குள்ள என்ன வேலை?" என்று கேட்டுவிட்டு அவர் பிளேன்ரீயைக் குடித்து முடித்தார். எங்களுக்கு உடனே பதில் வரவில்லை, ஆத்திரம் மட்டும் வந்தது. பிறகு இருந்து வாசித்தோம். இப்ப பதில் இருக்கு, கொஞ்சம் நீளம்.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். ஒரு விமானத்துக்குள்ளோ ரொக்கெட்டுக்குள்ளோ இருப்பது ஒரு கொம்பியூட்டர் இல்லை, பல. ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கென்று உள்ளே பொருத்தப்பட்டது. ஒன்று அளக்கும், இன்னொன்று அந்த அளவை வாங்கி முடிவெடுக்கும். ஆகவே அவை ஒன்றோடொன்று ஓயாமல் கதைக்க வேண்டும், அதுவும் நேரத்துக்குக் கதைக்க வேண்டும். பிந்தி வரும் சரியான தகவலும் இங்கே பிழைதான். எங்கட ஊர் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். பின்கதவில் நிற்கிற கொண்டக்டர் "ரைட்" என்றால் ட்ரைவர் திரும்பிப் பார்க்காமல் எடுக்கிறார். ஆச்சி இறங்கி முடிய முதல் அந்த "ரைட்" வந்தால்? வேறு யாருக்கோ சொன்ன "ரைட்"டை ட்ரைவர் தனக்கென்று எடுத்துக்கொண்டால்? (தரவு போகிற அந்தப் பாதைக்கும் பொறியியலாளர்கள் 'பஸ்' என்றுதான் பேர் வைத்திருக்கிறார்கள். இந்த வாசிப்பில் நாங்கள் சிரித்த ஒரே இடம்.)

1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவின் கூரு ஏவுதளம். ஐரோப்பாவின் ஏரியன் 5 ரொக்கெட் முதல் தடவையாக நான்கு க்ளஸ்டர் செய்மதிகளோடு கிளம்பி, சுமார் 40 செக்கனில் சிதறியது. ஏன் என்று கேட்டால் வழக்கமாகக் கிடைக்கிற ஒரு வரிப் பதில்: 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்துக்குள் அடைக்கப் பார்த்தார்கள், கொள்ளவில்லை. சரிதான். ஆனால் கணிதவியலாளர் ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு அடுத்த மாதமே கொடுத்த அறிக்கையை வாசித்தால் கதை வேறு மாதிரிப் போகிறது.

ரொக்கெட்டின் நிலையையும் அசைவையும் அளக்க ஒரே மாதிரியான இரண்டு கொம்பியூட்டர்கள் இருந்தன. ஒன்று வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். இரண்டிலும் ஒரே மென்பொருள். ஆகவே காத்திருந்தது முதலில் விழுந்தது, 72 மில்லிசெக்கனுக்குள் மற்றதும் அதே காரணத்தால் விழுந்தது. விழும்போது அது "எனக்கு ஏலாமல் போச்சு" என்ற அர்த்தத்தில் ஒரு நோயறிக்கையை பஸ்ஸில் அனுப்பியது. பிரதான கொம்பியூட்டர் அந்த இலக்கங்களைப் பறப்புத் தரவு என்று நம்பி, ரொக்கெட்டை ஒரேயடியாகத் திருப்பியது. செத்துக்கொண்டிருந்தவனின் முனகலை வழிகாட்டலாக எடுத்த மாதிரி.

இதைவிடக் கொடுமை, பிழை நடந்த அந்தக் கணக்கு பறக்கத் தொடங்கிய பிறகு தேவையே இல்லாதது. ஏரியன் 4இன் தேவைக்காக எழுதப்பட்டதை அப்படியே தூக்கி 5இல் வைத்திருந்தார்கள். ஆபத்தான ஏழு மாறிகளில் நான்குக்குப் பாதுகாப்புப் போட்டார்கள், மூன்றை விட்டார்கள். ஏன்? கொம்பியூட்டரின் வேலைப்பளு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இலக்கு இருந்தது. எதைக் காப்பது, எதை விடுவது என்பதைப் பங்காளிகள் சேர்ந்து தீர்மானித்தார்கள். ஏரியன் 5 போகப்போகும் பாதையின் தரவை அந்தக் கருவியின் தேவைப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்றும் சேர்ந்தேதான் ஒத்துக்கொண்டார்கள். சேர்ந்து, கூட்டம் வைத்து, கையெழுத்துப் போட்டு எடுத்த முடிவுக்கு "பிழை" என்று பேர் வைத்தால் பிறகு யாரிடம் கேட்பது?

ஏரியனில் ஆட்கள் இல்லை. மக்ஸில் இருந்தார்கள். 2018 ஒக்டோபர் 29, இந்தோனேசியாவின் லயன் எயார், 189 பேர். 2019 மார்ச் 10, எத்தியோப்பியன் எயார்லைன்ஸ், 157 பேர். அந்த விமானத்தின் மூக்கில் இரண்டு பக்கமும் காற்றுக் கோணத்தை அளக்கும் உணரிகள் உண்டு. பறப்பைக் கட்டுப்படுத்தும் கொம்பியூட்டர்களும் இரண்டு. ஆனால் மூக்கைக் கீழே தள்ளுகிற எம்காஸ் என்ற மென்பொருள் ஒரு பறப்பில் ஒரு பக்கத்து உணரியை மட்டுமே கேட்டது. லயன் எயாரில் இரண்டு உணரிகளுக்கும் இடையில் ஏறக்குறைய 20 பாகை வித்தியாசம். "உன்ர பக்கம் என்ன காட்டுது?" என்று மற்றப் பக்கத்தைக் கேட்கும் வேலை எம்காஸுக்குக் கொடுக்கப்படவில்லை. முரண்பாட்டை விமானிக்குக் காட்ட வேண்டிய எச்சரிக்கையோ, மேலதிகமாகக் காசு கட்டி இன்னொரு காட்டி வாங்கிய நிறுவனங்களுக்குத்தான் வேலை செய்தது. லயன் எயார் வாங்கியிருக்கவில்லை. போயிங்குக்கு இது 2017இலேயே தெரியும்.

எம்காஸ் என்று ஒன்று இருப்பதே விமானிகளின் கையேட்டில் இல்லை. புதிதாக சிமியூலேற்றர் பயிற்சி தேவைப்பட்டால் விமானம் ஒன்றுக்கு 10 இலட்சம் டொலர் கழிவு தருவதாக சவுத்வெஸ்ட் நிறுவனத்துடன் ஒப்பந்தம் இருந்ததை அமெரிக்கக் காங்கிரஸ் குழு வெளியே கொண்டுவந்தது. இப்போது மென்பொருளைத் திருத்தி, இரண்டு உணரிகளையும் ஒப்பிட வைத்திருக்கிறார்கள். 5.5 பாகைக்கு மேல் முரண்பட்டால் எம்காஸ் இயங்காது. ஒப்பிடத் தொழில்நுட்பம் இல்லாமல் இருந்ததில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேணும்?

நண்பர் சொல்வதில் ஒரு பாதி சரி. ஏரியனின் மென்பொருள் எழுதப்பட்ட அடா மொழியில் எங்களுக்கு ஒரு வரியும் விளங்காது. ஆனால் 80 சதவீதம் என்று யார் சொன்னது, எச்சரிக்கைக்கு ஏன் விலை போட்டது, கையேட்டிலிருந்து எடுக்கச் சொன்னது யார் என்று கேட்க அடா தேவையில்லை. ஆவணத்தை வாசிக்கவும், ஒரு வாக்கியத்தில் எழுவாய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்கவும்தான் மூன்று வருடமாகப் பழகுகிறோம். "தொழில்நுட்பக் கோளாறு ஏற்பட்டது" என்ற தலைப்பில் எழுவாய் கோளாறுதான், ஆளே இல்லை. எங்கட ஊர்க் கவுண்டர்களில் "சிஸ்டம் வேலை செய்யுதில்லை, நாளைக்கு வாங்கோ" என்று கேட்டுத் திரும்பி வருகிறோமே, அதிலும் ஆள் இல்லை.

எங்கட பக்கமும் குற்றம் உண்டு. "இது சயன்ஸ் ஆக்களின்ர விஷயம்" என்று ஒதுங்குவது எங்களுக்கு வசதியாக இருந்திருக்கிறது. அதிகாரம் பற்றி எத்தனை செமினார் இருந்திருப்போம், ஒரு விபத்து அறிக்கையைக்கூட வகுப்பில் விரித்ததில்லை.

லியோன்ஸ் குழுவின் அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு பின்னேரத்தில் வாசித்து முடிக்கலாம். நண்பருக்கும் அனுப்பினோம். "எக்ஸாம் முடியட்டும்" என்கிறார். எக்ஸாம் முடிந்த கிழமை அதே கன்ரீனில் இருந்து சேர்ந்து வாசிக்கப்போகிறோம். அடா தெரிந்த யாராவது வந்தால் பிளேன்ரீ எங்கட கணக்கில்.